பச்சை வாசனை

என் குரு என்னைவிட முப்பத்திரண்டு வயது இளையவர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன்.

நான் குற்றாலிங்கம். கல்யாணச் சமையல்காரன். பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரைக்கும் எந்த மண்டபத்தில் போய்க் கேட்டாலும் என் பெயரைச் சொல்வார்கள். முப்பத்து நாலு வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறேன். என் தேங்காய்ப்பால் சொதியில் உப்பு குறைந்தது என்று இதுவரை ஒரு சம்பந்தி வாயிலிருந்தும் வந்ததில்லை. சம்பந்தி வாயிலிருந்தே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் குரு பெயர் ஜெபக்கனி. வயது இருபத்தாறு. ஒரு மொட்டை மாடியில் கூரை போட்டு கினி பிக் வளர்க்கிறார்.

கினி பிக் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வால் கிடையாது. உருண்டையாக இருக்கும். எலிக்கு அண்ணன், முயலுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லும் காயும் தின்னும். பசித்தால் விசில் அடிக்கும்.

எனக்கு அதுகள் வந்து சேர்ந்த கதை இது. தை மாதத்தில் ஒரு கல்யாணம். போட்டோ எடுக்க அழகாக இருக்கும் என்று யாரோ இரண்டு கினி பிக்கைக் கூடையில் வைத்து, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒன்றைக் கையில் ஏந்தி போட்டோ எடுத்தாகிவிட்டது. கல்யாணம் முடிந்தது. எல்லோரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பாத்திரம் கழுவ நாங்கள் மட்டும் மண்டபத்தில் நிற்கிறோம். பந்திக்கூடத்து மூலையில் கூடை அப்படியே இருக்கிறது.

போன் போட்டுக் கேட்டேன். அது மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்தது என்றார்கள் பொண்ணு வீட்டார். மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டால் போட்டோக்காரர் என்றார்கள். போட்டோக்காரர் போனையே எடுக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! உயிருள்ள ஜீவனை எச்சில் இலை மாதிரி போட்டுவிட்டுப் போவார்களா? பாத்திரம் ஏற்றின வண்டியில் அதுகளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டும் பொட்டை. ஒன்று செம்பழுப்பு, அதற்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தேன். இன்னொன்று வெள்ளை, அது அப்பளம்.

அன்றைக்கு நெய் விட்டுப் பருப்புச் சாதம் பிசைந்து வைத்தேன். தொடவில்லை. மறுநாள் தேங்காய்ப் பால் சாதம். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டன. என் இலை முன்னால் உட்கார்ந்து தொடாமல் எழுந்த ஆள் உலகத்தில் கிடையாது. எனக்கு மானம் போனது போல ஆகிவிட்டது.

விசாரித்தேன். ஜெபக்கனியிடம் போகச் சொன்னார்கள்.

அவர் இரண்டையும் தூக்கிப் பல்லைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க அண்ணாச்சி?"

"நெய் விட்டுப் பருப்புச் சாதம்."

"யாருக்கு?"

"இதுகளுக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்துப் போயிற்று.

"ஒரு மாசம் தினமும் காலையில வாங்க. அதுவரைக்கும் ரெண்டும் இங்க இருக்கட்டும். கத்துக்கிட்டா கூட்டிட்டுப் போங்க. கத்துக்கலைன்னா தர மாட்டேன்."

"எனக்கா? எனக்கே சமையல் கத்துக் குடுக்கப் போறியளா?"

"சமையல் இல்ல அண்ணாச்சி. சாப்பாடு."

போனேன். ஒரு நாள் விடாமல் போனேன். முகூர்த்தம் இருக்கிற நாளில்கூட, கடைசிப் பந்தி முடிந்ததும் கரி படிந்த வேட்டியோடு மாடி ஏறியிருக்கிறேன். நாலு நாள் போனதும் வாயிலிருந்து தானாக 'டீச்சர்' என்று வந்துவிட்டது.

ஒரு நாள் கேட்டேன்.

"நாள் பூரா இந்தக் காய்ஞ்ச புல்லையே போட்டுக்கிட்டு இருக்கீங்களே, டீச்சர். அதுகளுக்குச் சலிக்காதா?"

டீச்சர் ஜாங்கிரியின் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினார்.

"இது சாகுற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயும். புல்லு இல்லைன்னா பல்லே அதைப் பட்டினி போட்டுக் கொன்னுரும்."

இன்னொரு நாள் கேட்டேன்.

"ஆட்டுக்கு யாரும் குடைமிளகாய் வாங்கிப் போடலையே. இதுக்கு மட்டும் என்ன ராஜ உபசாரம்?"

"ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் உடம்புலயே செஞ்சுக்கும். முயல் செஞ்சுக்கும், நாய் செஞ்சுக்கும். இதுக்கு முடியாது. சேத்து வச்சுக்கவும் முடியாது. தினமும் யாராவது குடுக்கணும்."

"ஐயோ பாவம்."

"நமக்கும் முடியாது அண்ணாச்சி. நீங்களும் ஜாங்கிரியும் ஒரே பந்தி."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருந்தது. ஒரே பந்தி என்றால் அப்புறம் அதுக்குப் பரிமாற என்னைவிட யார் இருக்கிறார்கள்?

கடையில் பாக்கெட்டில் விற்கிற உருண்டைத் தீவனத்தை டீச்சர் எனக்குக் காட்டினார். அதிலும் அந்த வைட்டமின் சேர்த்திருக்கிறார்களாம். எப்போது செய்தது என்று பார்த்தேன். ஐந்து மாசம் ஆகியிருந்தது.

"நேத்துச் சுட்ட வடையை நான் இன்னைக்கு இலையில வைக்க மாட்டேன், டீச்சர். இதை வைப்பேனா?"

"நாளாக நாளாக அதுல இருக்குற சத்து குறையும், நிஜந்தான். வேண்டாம்னா விடுங்க. ஆனா அப்போ பச்சைக் காய் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. அதை விட்டா வேற வழி இல்ல."

"தவறுமா? நான் யாருன்னு நெனச்சீங்க?"

மாசம் முடிந்தது. என்ன கொடுக்கலாம், எது ஆகாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புல் எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும். தினம் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை. கொய்யாப்பழம் கட்டைவிரல் நகம் அளவு, அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிட்டவே வரக் கூடாது. டீச்சர் இரண்டையும் என் கூடையில் வைத்துக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடை போடுங்க. குறைஞ்சா உடனே வாங்க. காயை நல்லாக் கழுவி, பச்சையாக் குடுங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உள்ளே இறங்கவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன். என் கையில் கரண்டி கொடுத்தவர் அன்றே எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பச்சை வாசனை போகணும். மசாலாவில் போகணும், தக்காளியில் போகணும், கொத்தமல்லியில் போகணும். பச்சை வாசனையோடு ஒரு பண்டத்தை இலையில் வைக்கிறவன் சமையல்காரனே இல்லை. டீச்சர் நல்ல பொண்ணு, ஆனால் சின்னப் பொண்ணு. மாடி தெரியும், அடுப்படி தெரியாது. நம்ம தொழிலில் கொஞ்சம் சேர்த்து இன்னும் நன்றாகவே செய்துவிடுவோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேறென்ன? அடுப்பைப் பற்ற வைத்தேன்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மஞ்சள் ஒரு சிட்டிகை. குடைமிளகாயையும் கொத்தமல்லியையும் அதில் போட்டு நூறு எண்ணுவேன். எடுத்து வடிகட்டிப் பிழிவேன். விசிறியால் வீசி ஆறவைத்து, ஒரே அளவாக நறுக்கி, வாழையிலைத் துண்டில் வைப்பேன். மூக்கை வைத்துப் பார்த்தால் ஒரு பச்சை வாசனை இருக்காது. இப்படி ஒரு பந்தி எந்த ஊர் கினி பிக்குக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?

ஜாங்கிரி தங்கமான பிள்ளை. இலை போட்டதும் முன்னால் வந்து உட்காரும். வைத்ததைச் சாப்பிடும். பந்தி ஒழுக்கம் என்றால் அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்பளம் சரியான திருட்டுக் கழுதை. அதுகளுக்கு வாங்கின காயில் நறுக்கிக் கழித்த காம்பு, தண்டு எல்லாவற்றையும் ஒரு ஓலைக்கூடையில் போட்டு மேஜைக்குக் கீழே வைப்பேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், கூடை ஓட்டை வழியாக இழுத்து இழுத்துத் தின்னும். இலையில் விருந்து இருக்கிறது, இது குப்பையைத் தின்கிறது. என் மானத்தை வாங்கவே பிறந்தது என்று திட்டுவேன்.

பலகாரம் நிறுக்கிற தராசில் ஞாயிறுதோறும் எடை போட்டேன். முதல் வாரம் ஜாங்கிரி தொள்ளாயிரத்து இருபது கிராம். அடுத்த வாரம் தொள்ளாயிரத்துப் பத்து. பத்து கிராம்தானே என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரம் எண்ணூற்று எழுபது. வெயிலால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது ஞாயிறு தூக்கியதும் வீல் என்று கத்தியது. தராசில் எழுநூற்றுத் தொண்ணூறு. கீழே விட்டால் பின்னங்காலை ஊன்ற முடியாமல் இழுத்து இழுத்துப் போகிறது. முடி சிலிர்த்து நிற்கிறது. முதல் நாள் வைத்த இலை தொடாமல் அப்படியே காய்ந்து கிடக்கிறது.

துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டீச்சர் வாங்கிப் பார்த்தார். மூட்டைத் தொட்டார். ஈறைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் வீட்டுக்கே என்னைக் கூட்டிப் போனார்.

டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். வைட்டமின் சி இல்லை. மூட்டு வீங்கிவிட்டது, ஈறில் ரத்தம் கட்டியிருக்கிறது. வாயில் விடச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என்கிட்ட கொண்டு வரவே வேண்டியிருந்திருக்காது" என்றார்.

வாசலில் வந்து நின்றோம்.

"குடைமிளகாய் குடுத்தீங்களா?" டீச்சர் கேட்டார்.

"தினமும்."

"கொத்தமல்லி?"

"தினமும். ஒரு நாள் தவறல, டீச்சர். முகூர்த்தத்தன்னைக்குக்கூட விடியக்காலையில எந்திரிச்சுக் குடுத்துட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன்."

"புல்லு?"

"ராப்பகலாக் கெடக்கு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நீங்க சொன்னதை எல்லாம் குடுக்கேன். அது வாயில போகுது, வயித்துல போகுது, என் கண்ணால பாக்கேன். அப்புறம் எங்கதான் போகுது, டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

அவர் துண்டை இழுத்து ஜாங்கிரியைப் போர்த்தினார்.

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வாரேன். நீங்க தினமும் எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே குடுங்க. நான் பாக்கணும்."

"வாங்க. நல்லாப் பாருங்க."

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. காரணம் தெரியலைன்னா ரெண்டையும் நான் திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன்."

சுருக்கென்றது. ஊருக்கே சோறு போட்டவனிடமிருந்து, சாப்பாடு போடத் தெரியவில்லை என்று இரண்டு பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறதா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் விடிந்ததும் டீச்சர் வந்தார். அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். ஜாங்கிரி துண்டில் சுருண்டு கிடந்தது. அப்பளம் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். நம்ம சுத்தத்தையும் நேர்த்தியையும் பார்த்தால் தப்பு இங்கே இல்லை என்று புரிந்துகொள்வார் என்று ஒரு வீறாப்பு. காயை மூன்று தண்ணீரில் கழுவினேன். காம்பைக் கழித்துக் கூடையில் போட்டேன். அடுப்பைப் பற்ற வைத்தேன்.

டீச்சர் கண்ணை எடுக்கவில்லை.

மஞ்சள் போட்டேன். காயைப் போட்டேன். நூறு எண்ணினேன். வடித்து, பிழிந்து, ஆற்றி, நறுக்கி, இலையில் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"மோந்து பாருங்க, டீச்சர். பச்சை வாசனை இருக்கா?"

அவர் முகர்ந்து பார்த்தார்.

"இல்ல."

"அதான் குத்தாலிங்கம்."

இலையை ஜாங்கிரி முன்னால் வைத்தேன். அது மூக்கைக்கூடத் தூக்கவில்லை.

டீச்சர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லா இருக்கே அண்ணாச்சி. முடி பளபளன்னு இருக்கு, ஓட்டமா ஓடுது. ரெண்டுக்கும் ஒரே இலைதானா?"

"அந்தக் கழுதை இலையில எங்க சாப்பிடுது? அங்க பாருங்க."

அப்பளம் மேஜைக்கடியில் கூடை ஓட்டையிலிருந்து ஒரு கொத்தமல்லித் தண்டை இழுத்துக்கொண்டிருந்தது.

"தினமுமா?"

"தினமுந்தான். எவ்வளவு வெரட்டுனாலும் அங்கயே போய் நிக்கும். மானங்கெட்டது."

டீச்சர் எழுந்தார். கூடையை வெளியே இழுத்து அதில் கையை விட்டார். சற்றுமுன் நான் கழித்துப் போட்ட குடைமிளகாயின் நடுப்பகுதி, நாலைந்து கொத்தமல்லித் தண்டு, எல்லாவற்றையும் பொறுக்கினார். நேராக வந்து, ஜாங்கிரி முன்னால் இருந்த என் இலையை ஒதுக்கிவிட்டு அதை வைத்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"டீச்சர்! சீக்காக் கெடக்குற பிள்ளைக்குக் குப்பையையா போடுதீங்க?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்டை விரலால் கிள்ளி அதன் மூக்கருகே பிடித்தார். ஜாங்கிரியின் மூக்கு அசைந்தது. முகர்ந்தது. பிறகு தண்டின் நுனியைப் பல்லால் பற்றி இழுத்தது. மெதுவாக, வலியோடு, ஒவ்வொரு கடியாகத் தின்றது. ஒரு தண்டு முடிந்ததும் அடுத்ததற்கு முகத்தை நீட்டியது.

நான் குனிந்து பார்த்தேன்.

டீச்சர் அதற்கு இன்னொரு தண்டைக் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எலுமிச்சம்பழச் சாதத்துக்குப் பழம் எப்போ பிழிவீங்க, அண்ணாச்சி?"

இதென்ன இப்போது கேட்கிற கேள்வி என்று இருந்தது. இருந்தாலும் தொழிலைக் கேட்டால் பதில் சொல்லாமல் எப்படி?

"தாளிச்சு, அடுப்பை அணைச்சு, இறக்கி வச்சப்புறம்."

"அடுப்பு மேலயே பிழிஞ்சா?"

"யாராவது பிழிவாங்களா? கசந்துரும். பழத்தோட உயிரே போயிரும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"இதைப் போயி யாரு சொல்லணும்? கைக்கே தெரியும்."

டீச்சர் இலையில் ஆறிக்கிடந்த என் பதார்த்தத்தை ஒரு விரலால் தொட்டார்.

"இதுலயும் அதே உயிர் இருந்துச்சு அண்ணாச்சி. பாதி தீயில போச்சு. மீதி தண்ணியில போச்சு. தண்ணியை எங்க ஊத்துவீங்க?"

"கறிவேப்பிலை மரத்துக்கு."

"மரம் எப்படி இருக்கு?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"நல்லாத் தழைஞ்சு நிக்கு, டீச்சர்" என்றேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருடிக் குப்பையைத் தின்றது பிழைத்துக்கொண்டது. என் கையை நம்பி இலை முன்னால் உட்கார்ந்தது சாகக் கிடக்கிறது. வாயில்லாத அந்த ஜீவன் நான் வைத்ததைத்தானே தின்றது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் துடைக்கவும் இல்லை.

"பச்சையாக் குடுங்கன்னு சொன்னீங்க" என்றேன். "ஏன்னு சொல்லலையே, டீச்சர்."

"நீங்க கேக்கலையே."

"கேக்கல. சின்னப் பொண்ணு, இதுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன்."

"நானும் சொல்லிருக்கணும். பெரிய சமையல்காரர், இவருக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

ஜாங்கிரி அடுத்த தண்டை மென்றுகொண்டிருந்தது.

"காரணம் தெரிஞ்சு போச்சு" என்றேன். "ரெண்டையும் கூட்டிட்டுப் போயிருங்க. இனிமே கேக்க எனக்கு வாயில்ல."

டீச்சர் யோசித்தார்.

"இன்னையிலிருந்து நாலாவது ஞாயிறு கூடையோட வாரேன். ஜாங்கிரி தொள்ளாயிரம் கிராமைத் தொட்டிருக்கணும். காலை ஊன்றி நடக்கணும். இல்லைன்னா கூட்டிட்டுப் போவேன்."

அவர் போனதும் அடுப்பிலிருந்து சிலிண்டர் குழாயைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குழாய் இருக்கும்போதே பற்ற வைக்காமல் இருக்க எனக்கு ரோஷம் இல்லையா?

சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் நாலைந்து நாள் என் கை படுத்தின பாடு எனக்குத்தான் தெரியும். காயைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், லைட்டர் கையில் இருக்கும். எப்போது எடுத்தேன் என்றே தெரியாது. கீழே வைப்பேன். குடைமிளகாயை நறுக்கும்போது பச்சை வாசனை மூக்கில் ஏறும். கை தானாகச் சட்டியைத் தேடும். ஆயிரம் பேருக்குச் சமைத்தபோதெல்லாம் இவ்வளவு வியர்த்ததில்லை. பச்சைக் காயைப் பச்சையாக இலையில் வைத்துவிட்டு, அம்மணமாக நிற்கிற மாதிரி கூசிப் போய் நிற்பேன்.

ஜாங்கிரி சாப்பிடும். முதலில் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். டாக்டர் சொன்ன மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுவேன். கொய்யாத் துண்டைக் காட்டினால்தான் வாயைத் திறக்கும், அவ்வளவு அடம். நீயும் என் பந்திதானே, உன் அடம் எனக்குப் புரியாதா என்பேன்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். முந்தின நாள் காலையிலேயே வந்துவிடச் சொன்னார்கள். என் பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் கிளம்புவேன், ராத்திரி வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். இரண்டு பொண்ணு என்றேன்.

முதல் ஞாயிறு எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து. இரண்டாவது ஞாயிறு எண்ணூற்று முப்பது. மூன்றாவது ஞாயிறு எண்ணூற்று அறுபத்தைந்து. ஒவ்வொரு தடவையும் முள் நிற்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். மூன்றாவது வாரத்திலேயே கத்தாமல் தூக்க விட்டது. ஒரு நாள் அப்பளத்தைத் துரத்திக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடியது. நான் தனியாக நின்று கை தட்டினேன்.

நாலாவது ஞாயிறு டீச்சர் கூடையோடு வந்தார். கூடையில் துண்டு விரித்திருந்தது.

"நீங்களே நிறுங்க, டீச்சர்" என்றேன். "நான் நிறுத்தா என் கையும் சேந்து அழுத்திரும்."

அவர் ஜாங்கிரியைத் தூக்கித் தராசில் வைத்தார். முள் ஆடியது. நின்றது.

தொள்ளாயிரத்துப் பதினைந்து.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். டீச்சரும் சிரித்தார். மூட்டைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், கீழே விட்டார். அது நாலு காலையும் ஊன்றிக் குடுகுடுவென்று ஓடியது.

"இன்னும் இலை போடலையா?" என்று கேட்டார்.

"நீங்க வாரதுக்காகத்தான் வச்சிருந்தேன்."

குடைமிளகாயைக் கழுவிப் பலகையில் வைத்துக் கத்தியை இறக்கினேன். முதல் சத்தம் கேட்டதுதான் தாமதம், இரண்டும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு விசில் அடித்தன பாருங்கள், அடுப்படியே அதிர்ந்தது! ஜாங்கிரியின் விசில்தான் பெரிசு. முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனையோ பேர் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். இலை போடுவதற்கு முன்னாலேயே இப்படி ஒருவரும் கூப்பாடு போட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. டீச்சர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நறுக்கினேன். இலையில் வைத்தேன். இரண்டும் ஒரே இலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டன.

டீச்சர் காலிக் கூடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார். வாசல் வரைக்கும் கூடவே போனேன். சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், மனசில் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. கேட்டால்தான் ஆறும்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"முப்பத்து நாலு வருஷத் தொழில். அதுல ஒரு பக்குவங்கூட இதுகளுக்கு ஆகல. கழுவுதேன், நறுக்குதேன், வைக்கேன். இதை யாரு வேணும்னாலும் செய்வாங்களே. இதுக்கு எதுக்கு ஒரு குத்தாலிங்கம்?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அடுப்புப் பக்கமே போகாதவங்க பத்த வைக்காம இருந்தா அது ஒண்ணும் பெரிசில்ல, அண்ணாச்சி" என்றார். "நீங்க தினமும் அடுப்பு முன்னாலயே நின்னு, பத்த வைக்காம இருந்தீங்க."